கடைசி பெஞ்சுல இருந்து பாத்தா சபை எப்படித் தெரியுது

ஒரு சபை நல்லா இருக்கான்னு யாரைக் கேட்டாலும் மொதல்ல வர்ற பதில் நம்பர்தான். ஞாயித்துக்கிழமை எத்தனை பேர் வர்றாங்க, இந்த வருஷம் எத்தனை ஞானஸ்நானம், காணிக்கை கூடியிருக்கா, புதுக் கட்டடம் எந்த அளவுல நிக்குது, லைவ்ல எத்தனை பேர் பாத்தாங்க. நம்பரைப் பத்திப் பேசறதே தப்புன்னு நான் சொல்ல வரல, அப்போஸ்தலர் நடபடிகளே 3,000 பேர் சேந்தாங்க, அப்புறம் ஆம்பளைங்க மட்டும் 5,000 ஆனாங்கன்னு எண்ணித்தான் எழுதியிருக்கு. ஆனா அதே புதிய ஏற்பாட்டோட கடைசிப் புத்தகத்துல ஏழு சபைகளுக்கு லெட்டர் இருக்கு, அதுல ஒரு திட்டுகூட வாங்காம தப்பிச்சது ரெண்டே ரெண்டு சபைதான், சிமிர்னா, பிலதெல்பியா. ஒண்ணு தரித்திரத்துல இருந்த சபை, இன்னொண்ணு கொஞ்சம் பெலன்தான் இருக்குன்னு சொல்லப்பட்ட சபை. நல்ல பேர் எடுத்து வெச்சிருந்த சர்தை, "உயிருள்ளவன்னு பேர் இருக்கு, ஆனா செத்துப்போயிருக்க"ங்கற மாதிரி வாங்கிக் கட்டிக்குது. எனக்கு ஒண்ணும் குறையில்லைன்னு சொன்ன லவோதிக்கேயாவுக்கு வெளியில கதவைத் தட்டிட்டு நிக்கறது இயேசுவே. அந்த வசனத்தை நாம சுவிசேஷக் கூட்டத்துல வெளியாளுங்களுக்குத்தான் எப்பவும் சொல்றோம், உள்ள உக்காந்திருக்கற சபைக்கு எழுதினதுங்கறது சௌகரியமா மறந்துபோகுது.

அதனால நான் எந்தப் புது சபைக்குப் போனாலும் கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்குவேன். முன்னாடி உக்காந்தா எல்லா சபையும் ஒரே மாதிரிதான் தெரியும், மேடை, பூ, மைக், நல்லா டிரஸ் பண்ணின பாடகர்கள், பிரசங்க பீடம். பின்னாடி உக்காந்தாத்தான் யார் லேட்டா வர்றாங்க, வந்தவங்களுக்கு யார் நகந்து எடம் குடுக்கறாங்க, யார் பாடறாங்க, யார் போனை நோண்டறாங்க, ஆசீர்வாதம் சொல்றதுக்கு முன்னாடியே யார் எந்திரிச்சுப் போறாங்க, அவங்க ஏன் அப்படிப் போறாங்கன்னு எல்லாம் தெரியும். யாக்கோபு நிருபம் ரெண்டாம் அதிகாரமும் கிட்டத்தட்ட இதே எடத்துல இருந்துதான் பாக்குது. பொன்மோதிரம் போட்டவர் வந்தா நல்ல எடம், அழுக்குத் துணியில வந்தவனுக்கு அங்க நில்லு, இல்லன்னா காலடியில உக்காரு. பாட்டு எப்படி இருந்துச்சு, பிரசங்கம் எப்படி இருந்துச்சுன்னு யாக்கோபு ஒரு வார்த்தை கேக்கல, யாரை எங்க உக்கார வெச்சீங்கன்னு மட்டும்தான் கேக்கறார்.

நான் இதுல சொல்ல நெனைக்கறது ஒண்ணுதான். ஆராதனை ஒரு டிபார்ட்மென்ட், அவுட்ரீச் இன்னொரு டிபார்ட்மென்ட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கன்வீனர், ஒரு பட்ஜெட்னு பிரிச்சு வெச்சிருக்கோம் பாருங்க, சபைக்கு நோவு ஆரம்பிக்கறதே அங்கதான். உள்ள நடக்கற ஆராதனையில சாதாரண ஆளுக்கு வேலை இல்லாம பண்ணிட்டா, வெளிய ஊழியத்துக்குப் போகவும் ஆள் இருக்காது. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்து பாத்துட்டுப் போறவரு திங்கக்கிழமை தன் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட மட்டும் எப்படி வாயைத் திறப்பார்?

மொதல்ல பாட்டு. இதைப் பத்தி நெறைய சண்டை நடந்திருக்கு, பழைய பாமாலையா புதுப் பாட்டா, ஆர்கனா டிரம்ஸா, கை தட்டலாமா கூடாதான்னு. எனக்கு இதுல பெருசா அக்கறை இல்ல. ஆர்கன் வாசிக்கற சபையிலயும் செத்துப்போன ஆராதனை பாத்திருக்கேன், டிரம்ஸ் அடிக்கற சபையிலயும் பாத்திருக்கேன். நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு, எனக்குப் பக்கத்துல நிக்கறவர் பாடறது என் காதுல விழுதா. ஸ்பீக்கர் சத்தத்துல என் குரலே எனக்குக் கேக்கலன்னா நான் பாடறதும் பாடாததும் ஒண்ணுதான், கொஞ்ச நாள்ல தானா வாயை மூடிக்குவேன், மூடினது யாருக்கும் தெரியவும் செய்யாது.

இது புதுசா வந்த வியாதியும் கிடையாது. நாலாம் நூற்றாண்டோட பின்பாதியில லவோதிக்கேயாவுல, ஆமா அதே லவோதிக்கேயாதான், கூடின பிஷப்மார் சங்கத்தோட 15-வது சட்டம் என்ன சொல்லுதுன்னா, மேடையேறி புத்தகத்தைப் பாத்துப் பாடறதுக்குன்னு நியமிச்ச பாடகர்களைத் தவிர வேற யாரும் சபையில பாடக்கூடாது. ஒழுங்கு வேணும், கன்னாபின்னான்னு யாரும் எதையும் பாடிடக் கூடாதுன்னு நெனைச்சிருப்பாங்க, நோக்கம் கெட்டதா இருக்கணும்னு இல்ல. ஆனா மேற்கத்திய சபைகள்ல காலம் போகப் போக பாட்டு பாடகர் குழுவோட வேலையாவும், ஜனங்களோட வேலை கேக்கறதாவும் ஆகிப்போச்சு. 1524-ல சபைச் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச மார்ட்டின் லூத்தர் பக்கத்து ஆளுங்க மொத்தமே 8 பாட்டு இருந்த ஒரு சின்னப் புத்தகம் போட்டாங்க, அதுல 4 அவரே எழுதினது, ஜனங்க பேசற ஜெர்மன்ல, ஜனங்க பாடறதுக்குன்னே. எட்டே பாட்டுங்க! இன்னைக்கு வாரத்துக்கு ஒரு புதுப் பாட்டு எறக்குமதி பண்றோம், முன்னாடி நிக்கற ஆறு பேருக்கு மட்டும் ராகம் தெரியும், மத்தவங்க ஸ்கிரீனைப் பாத்துட்டு உதட்டை அசைக்கறாங்க. சட்டம் எதுவும் போடாமலே அந்த 15-வது சட்டம் அமலுக்கு வந்தாச்சு.

அதுக்கும் முன்னாடி போனா, ஏறக்குறைய 112-ல, இன்னைக்குத் துருக்கியில இருக்கற பித்தினியாவுல கவர்னரா இருந்த பிளினி, கிறிஸ்தவங்களைப் பிடிச்சு விசாரிச்சு ரோம ராயனுக்கு, அதாவது பேரரசருக்கு, ரிப்போர்ட் எழுதறார். குறிப்பிட்ட ஒரு நாள்ல விடியறதுக்கு முன்னாடி கூடறாங்க, கிறிஸ்துவை தெய்வம்னு சொல்லி மாத்தி மாத்திப் பாடறாங்க, திருட மாட்டோம், விபச்சாரம் பண்ண மாட்டோம், சொன்ன வாக்கை மீற மாட்டோம்னு ஆணை எடுத்துக்கறாங்க, இவ்வளவுதான் விசாரணையில தெரிஞ்சதுன்னு. ரெண்டு அடிமைப் பொண்ணுங்களை, சபையில ஊழியம் பண்ணினவங்க, சித்திரவதை பண்ணித்தான் இதை உறுதி பண்ணிக்கிட்டேன்னு அவரே எழுதறார். அந்த வரியைப் படிக்கறப்ப எனக்குத் தோணுறது, நம்ம சபையில ஒருத்தரைப் பிடிச்சு உங்க கூட்டத்துல என்ன நடக்குதுன்னு கேட்டா அவருக்கு என்ன சொல்லத் தெரியும்? நல்லா பாடினாங்க, செய்தி நல்லா இருந்துச்சு, ஏசி கொஞ்சம் ஜாஸ்தி. அவர் அங்க என்ன பண்ணினார்னு கேட்டா பதில் இருக்காது.

ஏறக்குறைய 155-ல ஜஸ்டின்ங்கற கிறிஸ்தவப் போதகர் ரோமாபுரியில இருந்து ராயனுக்கு எழுதின விண்ணப்பத்துல ஞாயித்துக்கிழமை ஆராதனை எப்படி நடக்கும்னு வரிசையா சொல்லியிருக்கார். பட்டணத்துல இருக்கறவங்களும் நாட்டுப்புறத்துல இருக்கறவங்களும் ஒரே எடத்துல கூடுவாங்க. அப்போஸ்தலர்கள் எழுதி வெச்சதையோ தீர்க்கதரிசிகள் எழுதினதையோ நேரம் இருக்கற வரைக்கும் வாசிப்பாங்க. அப்புறம் நடத்தறவர் புத்தி சொல்லுவார். அப்புறம் எல்லாரும் எந்திரிச்சு ஜெபம் பண்ணுவாங்க. அப்பமும் திராட்சரசமும் வரும், எல்லாரும் ஆமென் சொல்லி வாங்கிக்குவாங்க, வர முடியாதவங்களுக்கு டீக்கன்மார் கொண்டு போய்க் குடுப்பாங்க. அதோட அவர் நிறுத்தல. வசதி இருக்கறவங்க இஷ்டப்பட்டதைக் குடுப்பாங்க, அந்தப் பணம் நடத்தறவர்கிட்ட இருக்கும், அதுல இருந்து திக்கத்தவங்க, விதவைங்க, வியாதிக்காரங்க, ஜெயில்ல இருக்கறவங்க, ஊர் விட்டு வந்து தங்கியிருக்கறவங்க எல்லாருக்கும் போகும்.

இது எல்லாம் ஒரே அதிகாரத்துல, மூச்சு விடாம அடுத்தடுத்து வருது. ஆராதனை முடிஞ்சுது, இனி சமூக சேவைன்னு நடுவுல ஒரு கோடு கிடையாது. திருவிருந்தை வராதவருக்குக் கொண்டு போறதும், விதவைக்குப் பணம் கொண்டு போறதும் ஒரே கூட்டத்துல இருந்து கெளம்புது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த வராதவங்க விஷயம்தான். ஒருத்தருக்குக் கொண்டு போகணும்னா அவர் வரலைங்கறது மொதல்ல தெரியணுமே. இப்ப நம்ம சபைகள்ல ஒருத்தர் மூணு மாசம் வரலன்னாலும் வாட்ஸப் குரூப்ல அவர் பேர் இருக்கறதால அவர் இருக்கார்னே நெனைச்சுக்கறோம். தெனம் காலையில வாக்குத்தத்த வசனம் போகுது, அதுக்கு ஒரு கைகூப்பற பொம்மை வந்துட்டா போதும், ஆள் நல்லா இருக்கார்.

அந்த "எல்லாரும் எந்திரிச்சு ஜெபம்"ங்கறதுக்கும் வரணும். சபையோட பொது ஜெபத்தை ஒரு மாசம் கவனிச்சுப் பாருங்க, யாருக்காக ஜெபிக்கறாங்கன்னு. நம்ம பிள்ளைங்க பரீட்சை, நம்ம ஆளுங்க வேலை, நம்ம வியாதிக்காரங்க, நம்ம கட்டட வேலை. தப்பே இல்ல, யாருக்குத்தான் ஜெபம் வேணாம். ஆனா தீமோத்தேயுக்கு பவுல் எழுதறப்ப எல்லா மனுஷருக்காகவும், ராஜாக்களுக்காகவும், அதிகாரத்துல இருக்கறவங்களுக்காகவும்னு சொல்றார், அந்த ராஜாக்கள் ஒண்ணும் சபைக்கு ஃப்ரெண்ட்ஸ் கிடையாது. ஜெபத்துலயே வெளியாள் வராத சபையில ஊழியத்துல மட்டும் வெளியாள் எப்படி வருவார், வந்தாலும் டார்கெட்டாத்தான் வருவார்.

திருவிருந்து பத்தித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கு. கொரிந்து சபையில ஆராதனை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது, பாட்டு, போதகம், வெளிப்படுத்தல், அந்நியபாஷை, வியாக்கியானம் எல்லாமே ஓடிச்சு. வரங்கள்ல எந்தக் குறையும் இல்லன்னு பவுலே கொரிந்தியருக்கு எழுதின மொத நிருபத்தோட மொத அதிகாரத்துல சர்டிஃபிகேட் குடுக்கறார். ஆனா 11-ஆம் அதிகாரத்துல, நீங்க கூடிவர்றது நன்மைக்கு இல்ல, தீமைக்குத்தான்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்றார். காரணம் என்ன? ஆளாளுக்குத் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிடறாங்க, ஒருத்தன் பசியோட இருக்கான், ஒருத்தன் குடிச்சு வெறியில இருக்கான், இல்லாதவங்க வெக்கப்பட்டு நிக்கறாங்க. அடிமை வேலையும் கூலி வேலையும் பாத்தவங்க நெனைச்ச நேரத்துக்கு வந்து சேர முடியாது, வசதியானவங்க சீக்கிரம் வந்திருப்பாங்கன்னு பல வேத அறிஞர்கள் அந்தப் பகுதியை விளக்கறாங்க. பவுல் சொல்ற வைத்தியம் ரொம்ப சின்னது, ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்க. அவ்வளவுதான். புது தரிசனம், உபவாசக் கூட்டம், ஸ்பெஷல் ஸ்பீக்கர் எதுவும் இல்ல, லேட்டா வர்றவன் வர்ற வரைக்கும் கொஞ்சம் கையைக் கட்டிட்டு இருங்கங்கறார். இதனாலதான் உங்கள்ல நெறைய பேர் பலவீனமாவும் வியாதியாவும் இருக்கீங்கன்னு வேற சொல்றார். சபை ஆரோக்கியம்னு பேசறவங்க மொதல்ல இந்த வசனத்துல இருந்து ஆரம்பிக்கணும், ஏன்னா சபையில வியாதின்னு நேராவே பேசற எடம் இது, அதுக்குக் காரணமா சொல்றது பந்தியில நடந்த அவமரியாதையை.

அதே நிருபம் 14-ஆம் அதிகாரத்துல வெளியாள் ஒருத்தர் உள்ள வர்ற மாதிரி பவுல் கற்பனை பண்ணிப் பாக்கறார். எல்லாரும் ஒரே நேரத்துல அந்நியபாஷை பேசிட்டு இருந்தா, வர்றவன் உங்களுக்குப் பைத்தியம்னுதானே சொல்லுவான்? சபையில பதினாயிரம் வார்த்தை புரியாம பேசறதை விட அஞ்சு வார்த்தை புரியற மாதிரி பேசறது மேல்ங்கறார். இதை அந்நியபாஷை சண்டைக்கு மட்டும் யூஸ் பண்ணிட்டு விட்டுடறோம். அந்நியபாஷையே பேசாத சபையிலயும் புதுசா வர்றவருக்கு ஒண்ணும் புரியறதில்லங்க. எப்ப எந்திரிக்கணும், எப்ப உக்காரணும், எந்தப் புத்தகத்துல எந்த நம்பர், எல்லாரும் மனப்பாடமா சொல்றது எங்க அச்சாகியிருக்கு, காணிக்கைப் பை வந்தா அவரும் போடணுமா, திருவிருந்துக்கு அவர் போகலாமா கூடாதா. அறிவிப்புல நாலு சங்கத்தோட சுருக்கப் பேரைச் சொல்லி வழக்கமான எடத்துல வழக்கமான நேரத்துல கூடுவாங்கன்னு முடிச்சுடறாங்க. வழக்கம் தெரிஞ்சவன் எதுக்குய்யா அறிவிப்பைக் கேக்கப் போறான்?

ஒரு தடவை நான் போயிருந்த சபையில என் பெஞ்சுலயே அந்தப் பக்கம் ஒரு பையன் உக்காந்திருந்தான், புதுசுன்னு பாத்தாலே தெரியுது, பாட்டு ஆரம்பிச்சதும் புத்தகத்தை முன்னாடி இருந்தும் பின்னாடி இருந்தும் புரட்டறான், கெடைக்கல, கடைசியில மூடி மடியில வெச்சுட்டான். நடுவுல இருந்த ஒரு வயசான அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்ல, பாடிட்டே தன் புத்தகத்தை அவன் பக்கமா நகத்தி, பாடிட்டு இருந்த வரியில வெரலை வெச்சாங்க. அடுத்த வரி வந்ததும் வெரலும் எறங்குச்சு. மூணாவது சரணத்துல அவன் பாட ஆரம்பிச்சுட்டான். ஆராதனை முடிஞ்சதும் அந்தம்மா கேட்டது, "தம்பி, அடுத்த வாரம் கண்ணாடியை மறந்துட்டு வந்துடுவேன் நானு, நீ வந்தா வாசிச்சுக் காட்டுறியா?" அந்த சபையில வரவேற்புக் குழுன்னு பேட்ஜ் குத்தின நாலு பேர் வாசல்ல நின்னாங்க, அவங்க அவன்கிட்ட ஒரு கார்டு நீட்டி பேர், போன் நம்பர் எழுதச் சொன்னாங்க. புதுசா வந்தவங்க எல்லாம் தயவுசெஞ்சு எந்திரிச்சு நில்லுங்கன்னு மேடையில இருந்து சொல்லி, எல்லாரும் திரும்பிப் பாத்துக் கை தட்டற வழக்கம் இருக்கே, அதைக் கண்டுபிடிச்சவர் கூச்சம்னா என்னன்னு தெரியாத மனுஷரா இருந்திருக்கணும்.

சரி, வெளிய போற ஊழியம். இன்னைக்கு அவுட்ரீச்னா பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சி. தேதி குறிச்சு, பேனர் அடிச்சு, துண்டுப்பிரதி பிரிண்ட் பண்ணி, ஒரு நாள் போய்ட்டு வந்து, ஃபோட்டோ போட்டு, வருஷ ரிப்போர்ட்ல ஒரு பத்தி. உதவி வாங்கறவங்க முகம் கேமராவைப் பாக்கற மாதிரி நிக்க வெச்சு எடுக்கற ஃபோட்டோ எனக்கு சுத்தமா ஆகாது. வலதுகை செய்றது இடதுகைக்குத் தெரியக்கூடாதுன்னு படிச்சவங்க நாமதான்.

251-ல ரோமாபுரி சபைக்கு பிஷப்பா இருந்த கொர்நேலியு ஒரு லெட்டர்ல தன் சபைக் கணக்கைச் சொல்றார். மூப்பர்கள் 46 பேர், டீக்கன்கள் 7, அவங்களுக்குக் கீழ இன்னும் பலவிதமான ஊழியர்கள், அப்புறம் சபை பராமரிக்கற விதவைகளும் கஷ்டப்படறவங்களும் 1,500-க்கு மேல. நம்ம வருஷ ரிப்போர்ட்ல 46-க்கு எணையான நம்பர் இருக்கும், 1,500-க்கு எணையான நம்பர் எத்தனை சபையில இருக்கும்? அதுக்கப்புறம் நூறு வருஷம் கழிச்சு, 362-ல ஜூலியன்ங்கற ராயன், கிறிஸ்தவத்தை விட்டுட்டுப் பழைய தேவர்களோட வழிபாட்டைத் தூக்கி நிறுத்தப் பாத்தவர், கலாத்தியாவுல இருந்த ஒரு பிரதான பூசாரிக்கு எழுதறப்ப வயித்தெரிச்சலோட சொல்றார், அந்த கலிலேயர்கள், அதாவது கிறிஸ்தவங்க, அவங்க ஏழைங்களை மட்டுமில்லாம நம்ம ஏழைங்களையும் பாத்துக்கறாங்க, நம்ம ஆளுங்களுக்கு நம்மகிட்ட இருந்து உதவி கெடைக்கலங்கறது எல்லாருக்கும் தெரியுதுன்னு. எதிரி குடுக்கற சாட்சிக்கு மேல ஒரு சபைக்கு என்ன சர்டிஃபிகேட் வேணும்? அவர் குறை சொன்னது பிரசங்கத்தை இல்ல, அந்நியரை உபசரிக்கறதையும் செத்தவங்களை மரியாதையா அடக்கம் பண்றதையும்தான் இவங்க வளந்ததுக்குக் காரணமா சொல்றார்.

இங்க ஒரு வம்பு இருக்கு, அதையும் பேசிடணும். உதவி பண்ணி ஆளைப் பிடிக்கறதுன்னு ஒண்ணு இருக்கு. கூட்டத்துக்கு வந்தாத்தான் உதவி, ஞானஸ்நானம் எடுத்தாத்தான் தொடர்ந்து உதவி. இது ஊழியமே இல்ல, வியாபாரம். லூக்கா 17-ல பத்து குஷ்டரோகிகள் சுகமாறாங்க, ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொல்றான். மத்த ஒன்பது பேர் எங்கன்னு இயேசு கேக்கறார், கேக்காம விடல, ஆனா அந்த ஒன்பது பேரோட சுகத்தைத் திருப்பி எடுத்துக்கல. அதே சமயம் இன்னொரு பக்கம் போய், நாங்க சும்மா சேவைதான் பண்றோம், விசுவாசத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டோம்னு கூச்சப்படறதும் எனக்கு நேர்மையா படல. ஏன் இப்படிப் பண்றீங்கன்னு யாராவது கேட்டா உண்மையைச் சொல்லணும், அதுக்கு சபை ஜனங்களுக்கு ரெண்டு வாக்கியமாவது சொந்தமா சொல்லத் தெரிஞ்சிருக்கணும், பாஸ்டரைக் கேளுங்கன்னு கை காட்டக் கூடாது. அந்தியோகியா சபையை ஆரம்பிச்சவங்க பேரே நமக்குத் தெரியாது, சீப்புரு (சைப்ரஸ்), சிரேனே ஊர்க்காரங்க சிலர்னு மட்டும் லூக்கா எழுதி வெச்சிருக்கார். துன்பத்துக்கு பயந்து ஓடிவந்த சாதாரண ஆளுங்க, கிரேக்கர்கிட்டயும் பேச ஆரம்பிச்சாங்க, சபை வந்துடுச்சு, அப்புறம்தான் எருசலேம்ல இருந்து பர்னபாவை அனுப்பி என்னன்னு பாக்கச் சொன்னாங்க.

அந்த அந்தியோகியா சபைதான் என்னோட ஃபேவரிட்ங்கறதையும் சொல்லிடறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரத்துல அஞ்சு தலைவர்கள் பேர் வருது, சீப்புருக்காரர் ஒருத்தர், சிரேனே ஊர்க்காரர் ஒருத்தர், நீகர்னு அழைக்கப்பட்ட சிமியோன், ஏரோதோட சேந்து வளந்த மனாயீன், ஒரு காலத்துல சபையைத் துன்பப்படுத்தின சவுல். இந்த அஞ்சு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சதே பெரிய சங்கதி. அவங்க ஆராதிச்சு உபவாசம் பண்ணிட்டு இருக்கறப்பத்தான் ஆவியானவர் பர்னபாவையும் சவுலையும் பிரிச்சு விடுங்கன்னு சொல்றார். இருக்கறதுலயே பெரிய ரெண்டு பேரை. நம்ம சபையில நல்லா பாடற பையன் வேற எடத்துக்கு ஊழியத்துக்குப் போறேன்னா, தம்பி கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுத்துக்கோன்னுதான் சொல்லுவோம்.

1727-ல ஜெர்மனியில ஹெர்ன்ஹுட்ங்கற எடத்துல அடைக்கலம் தேடி வந்த மொராவிய விசுவாசிகள் தங்களுக்குள்ள பயங்கரமா சண்டை போட்டுட்டு இருந்தாங்க. அந்த வருஷம் ஆகஸ்ட் 13-ஆம் தேதி ஒரு திருவிருந்து ஆராதனையில மனசு ஒடைஞ்சு ஒப்புரவாகி, அந்த மாசமே 24 ஆம்பளைங்களும் 24 பொம்பளைங்களும் மணிக்கணக்கு பிரிச்சு, ராப்பகலா ஜெபிக்க ஆரம்பிச்சாங்க, அது நூறு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. அஞ்சே வருஷத்துல, 1732-ல, லெயோன்ஹார்ட் டோபர்ங்கற குயவரையும் டேவிட் நிச்மான்ங்கற தச்சரையும் கரீபியன்ல செயின்ட் தாமஸ் தீவுல இருந்த அடிமைகள்கிட்ட அனுப்பினாங்க. சண்டை, திருவிருந்து, ஜெபம், அப்புறம் கப்பல். சண்டையைத் தீக்காம நேரா கப்பல் ஏறப் பாக்கறதுதான் பல சபைகளோட மிஷனரி பட்ஜெட்.

சண்டைன்னதும் அப்போஸ்தலர் 6 ஞாபகம் வருது. எருசலேம்ல தினசரி பங்கீட்டுல கிரேக்கம் பேசற விதவைகளை விட்டுட்டாங்கன்னு முறுமுறுப்பு. ஆவிக்குரிய சபையில முறுமுறுக்கலாமான்னு அப்போஸ்தலர்கள் அவங்களை அடக்கல. ஏழு பேரைத் தெரிஞ்செடுங்கன்னு ஜனங்ககிட்டயே விட்டாங்க, வந்த ஏழு பேரும் கிரேக்கப் பேர் உள்ளவங்க, அதாவது புகார் சொன்ன பக்கத்து ஆளுங்க கையில சாவி போயிருக்குன்னுதான் தெரியுது. அடுத்த வசனமே, வசனம் விருத்தியடைஞ்சுது, சீஷர்கள் பெருகினாங்க. நிர்வாக விஷயத்தை நியாயமா முடிச்சதுக்கும் சபை பெருகினதுக்கும் நடுவுல லூக்கா வேற எதையும் வைக்கல.

சின்னக் குழு பத்தி ஒண்ணு. செல் குரூப், வீட்டு ஜெபம்னு எல்லா சபையிலயும் இருக்கு, பாதிக்கு மேல அது இன்னொரு குட்டி ஆராதனை, அதே பாட்டு, அதே பிரசங்கம், சின்ன ரூம்ல. 1742-ல இங்கிலாந்துல பிரிஸ்டல்ல, மெதடிஸ்ட் இயக்கத்தை நடத்தின ஜான் வெஸ்லியோட ஆளுங்க கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னின்னு முடிவு பண்றாங்க. ஏழைங்களால முடியாதேன்னு ஒருத்தர் சொல்ல, அவர் கேப்டனா இருந்தவர், அப்ப ரொம்ப ஏழையான பதினோரு பேரை எங்கிட்ட குடுங்க, நான் வாராவாரம் போய்ப் பாக்கறேன், அவங்க குடுக்கலன்னா நானே போட்டுடறேன்ங்கறார். மத்தவங்களும் அப்படியே பிரிச்சுக்கிட்டுப் போறாங்க. காசு வாங்கப் போனவங்களுக்குத்தான் தெரியுது, இந்த வீட்டுல சண்டை, அந்த வீட்டுல குடி, இன்னொரு வீட்டுல அடுப்பே எரியல. இதைத்தான் நான் இவ்வளவு நாளா தேடிட்டு இருந்தேன்னு வெஸ்லி பிடிச்சுக்கிட்டார், மெதடிஸ்ட் சபைகளோட முதுகெலும்பான கிளாஸ் மீட்டிங் அப்படி வந்ததுதான். கடன் வசூல்ல இருந்து மேய்ப்பு வந்தது எனக்கு இன்னைக்கும் சிரிப்பா இருக்கு, நம்மகிட்ட பெரும்பாலும் ரிவர்ஸ்ல நடக்கும்.

பணத்தைப் பத்தி நீட்டி எழுத வேண்டியதில்ல. ரொம்பப் பழைய சபை ஒழுங்கு நூலான திதாகே, ஊர் சுத்தி வர்ற அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவைன்னா ரெண்டு நாள், மூணு நாள் தங்கினா கள்ளத் தீர்க்கதரிசி, பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசின்னு பச்சையா சொல்லுது. பவுல் எருசலேம் ஏழைங்களுக்குன்னு வசூலிச்ச பணத்தைத் தனியா கொண்டு போகாம, சபைகள் தெரிஞ்செடுத்த ஆளையும் கூட அனுப்பினார், யாரும் குறை சொல்லக் கூடாதுன்னு. பவுலுக்கே ஆடிட்டர் தேவைப்பட்டார்னா மத்தவங்களுக்கு என்ன? கணக்கு கேட்டா விசுவாசக் குறைவுன்னு சொல்ற சபையில மேல சொன்ன எதுவுமே நடக்காது, அங்க இருக்கறவங்க எழுந்து வெளிய வந்துடறதுதான் நல்லது. மத்தபடி குறை இருக்கற சபையை விட்டு ஓடணும்னு நான் சொல்ல மாட்டேன், குறையில்லாத சபைக்கு நான் போய்ச் சேந்தா அப்புறம் அதுலயும் குறை வந்துடும்.

கமிட்டியில இருக்கறவங்க ஒரே ஒரு வேலை பண்ணிப் பாக்கலாம். அடுத்த கூட்டத்துல வரவு செலவுக்கு முன்னாடி, போன வருஷம் வந்துட்டு இருந்து இப்ப வராதவங்க பேரை எழுதுங்க, அதுக்கு எதிர்ல அவங்களைப் போய்ப் பாத்தவங்க பேரை எழுதுங்க. நான் இருந்த ஒரு கமிட்டியில இதை ஒருத்தர் கேட்டப்ப மொதல் பதில், "அவங்கல்லாம் வேற சபைக்குப் போயிட்டாங்க பிரதர்." எந்த சபைன்னு கேட்டா தெரியாது. அப்புறம் செயலாளர் பேப்பரை எடுத்து எழுத ஆரம்பிச்சார், இடது பக்கம் நெறைஞ்சு ரெண்டாவது தாளுக்குப் போச்சு, வலது பக்கத்துல ஒரு பேர்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு, கமிட்டியிலயே இல்லாத ஒரு சிஸ்டரோட பேர். அடுத்த கமிட்டிக்கு அவங்களைக் கூப்பிடலாம்னு ஒருத்தர் சொன்னார், அதுக்கு சபைச் சட்டத்துல, அதாவது பைலாவுல, எடமிருக்கான்னு இன்னொருத்தர் கேட்டார், அந்த வாக்குவாதம் ரொம்ப நேரம் ஓடிச்சு.